வராதவற்றின் கணக்கு

(திருவான்மியூரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் இலக்கியமும் இசையும் கோயில் வரலாறும்தான் பேசப்பட்டு வந்திருக்கின்றன. பூச்சியைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்தது இதுவே முதல்முறை என்று செயலாளர் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் கவலை தெரிந்தது. அவர் கவலை தீர முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களை எந்தக் காட்டுக்கும் கூட்டிப்போகும் எண்ணம் எனக்கில்லை. வலை வேண்டாம், விலையுயர்ந்த கேமராவும் வேண்டாம். திருவான்மியூரில் ஏதாவது ஒரு தெருவில் வாரம் ஒருமுறை அரைமணி நேரம் நடக்க வேண்டும். கண்ணில் பட்ட வண்ணத்துப்பூச்சிகளையும், பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளையும் எண்ணி எழுத வேண்டும். ஒன்றும் வராத வாரத்தில் ஒன்றும் வரவில்லை என்று எழுத வேண்டும். இன்றைய என் பேச்சு முழுக்க அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியதுதான்.

வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கிறவர்களுக்கு இன்று சென்னையில் பஞ்சமில்லை. கையில் செல்போன் இருக்கிறது. எடுத்த படத்தைப் போட ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது, இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் இருக்கிறது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டே முன்னின்று வளர்த்த ‘பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா’ தளம் இருக்கிறது. 2020 முதல் ஒவ்வொரு செப்டம்பரும் நாடு முழுக்க வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. இவையெல்லாம் நல்ல வேலைகள். இருபது வருஷத்துக்கு முன் ஒரு பூச்சிக்குப் பெயர் கண்டுபிடிக்க நூலகம் நூலகமாக அலைந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் ஒரு படம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த நாளில் இந்த இடத்தில் இது இருந்தது. அதற்கு மேல் அதைக் கேட்க முடியாது. படம் எடுக்கிறவர் அழகானதை எடுப்பார், அரிதானதை எடுப்பார், அசையாமல் உட்கார்ந்திருப்பதை எடுப்பார். எருக்கஞ்செடியைச் சுற்றித் தினமும் பறக்கிற வெந்தய வரியனை யாரும் இரண்டாம் முறை எடுப்பதில்லை. நாளைக்கே இந்த ஊரில் வெந்தய வரியன் பாதியாகக் குறைந்தால், நம்மிடம் இருக்கும் படங்களை வைத்து அதைச் சொல்ல முடியாது. படம் குறைந்ததற்குக் காரணம் பூச்சி குறைந்ததா, எடுக்கிறவருக்குச் சலித்துப்போனதா என்று யார் பிரித்துச் சொல்வது?

பறவை பார்க்கிறவர்கள் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே கண்டுகொண்டார்கள். இ-பேர்ட் தளத்தில் பட்டியல் ஏற்றும்போது ஒரு கேள்வி வரும்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? ‘ஆம்’ என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அன்று அவருக்குத் தென்படவில்லை என்றாகிறது. அந்த ஒரு கேள்வியால் சாதாரணப் பட்டியல் ஆய்வுக்கு உதவும் தரவாக மாறிவிடுகிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் கொடுத்த 3 கோடி பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. சம்பளம் வாங்காமல் காலையில் எழுந்து போனவர்கள் சேர்த்துக் கொடுத்த எண்கள் அவை. தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள்.

வண்ணத்துப்பூச்சிக்கு இந்த வழியை வகுத்தவர் எர்னஸ்ட் பொல்லார்ட் என்ற ஆங்கிலேயர். 1970-களில் மாங்க்ஸ் வுட் என்ற ஆய்வு நிலையத்தில் இருந்தபடி அவர் செய்தது கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. ஒரு தடத்தை முடிவுசெய்தார். வாரம் ஒருமுறை அதே தடத்தில் அதே வேகத்தில் நடந்தார். தனக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 5 மீட்டர் அகலம், முன்னால் 5 மீட்டர் தூரம், அந்தக் கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணினார். பெட்டிக்கு வெளியே எத்தனை அழகான பூச்சி பறந்தாலும் அது கணக்கில் சேராது. ஆசையை அடக்குவதுதான் அந்த முறையின் உயிர். 1976-இல் இதுவே பிரிட்டன் தழுவிய திட்டமாயிற்று, இன்றுவரை நிற்கவில்லை. பெரும்பாலும் தன்னார்வலர்களால்தான் நடக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வாராவாரம் ஒரே பாதையில் நடக்கும் ஓய்வுபெற்ற தபால்காரரையும் பள்ளி ஆசிரியையையும் நினைத்துப் பாருங்கள். அங்கே வண்ணத்துப்பூச்சி குறைகிறது என்று பாராளுமன்றத்தில் யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்குப் பின்னால் இவர்களுடைய நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன.

இதைவிட எளிய முயற்சியும் அங்கே உண்டு. 2010 முதல் கோடையில் மூன்று வாரம், யார் வேண்டுமானாலும் 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எண்ணலாம். குறிப்பிட்ட சில வண்ணத்துப்பூச்சிகளோடு பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் சிலவும் அந்தப் பட்டியலில் உண்டு. 2024-இல் ஒரு கணக்குக்குச் சராசரியாக ஏழு பூச்சிதான் தேறியது. அதுவரை கண்டதிலேயே மிகக் குறைவு. நடத்திய அமைப்பு உடனே நெருக்கடி நிலை என்றே அறிவித்தது. முந்தைய பதினான்கு ஆண்டுகளின் எண்கள் கையில் இருந்ததால்தான் ஏழு என்பது குறைவு என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நம் ஊரில் நாளைக்கு ஒருவர் 15 நிமிடத்தில் ஏழு பூச்சி பார்த்தால் அது அதிகமா, குறைவா? எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்கும் தெரிய வழியில்லை. ஒப்பிட முந்தைய எண் இருந்தால்தானே?

ஜெர்மனியில் கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தார் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் பொறி வைத்துப் பிடித்த பூச்சிகளை ஆண்டுதோறும் எடை போட்டு எழுதிவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை விஞ்ஞானிகள் அல்லர். 2017-இல் அந்தக் கணக்கு வெளியானபோது உலகமே திடுக்கிட்டது: 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அமெரிக்காவில் 76,000-க்கு மேற்பட்ட கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து, 2000-க்கும் 2020-க்கும் இடையில் வண்ணத்துப்பூச்சிகள் 22 சதவீதம் குறைந்ததாக 2025-இல் ஓர் ஆய்வு சொன்னது. இந்த எண்களை மேற்கோள் காட்டி நம் ஊர் மேடைகளிலும் பேசுகிறோம். பேசலாம், தவறில்லை. ஆனால் அவை கிரேஃபெல்டின், அமெரிக்காவின் எண்கள். அவற்றை அப்படியே கொண்டுவந்து இங்குள்ள வால்மீகி நகருக்குப் பொருத்துவது அறிவியல் ஆகாது.

தன்னார்வலர் என்ற சொல்லைக் கேட்டதும் ‘நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்குமா’ என்று சிலர் முகத்தில் தெரிகிறது. ஐயா, இந்தக் கரையில் அது ஐம்பது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணை நடத்திய ரோமுலஸ் விட்டேக்கரும் அவர் நண்பர்களும் மெட்ராஸ் கடற்கரையில் இரவு முழுக்க நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடினார்கள். 1988-இல் அந்த வேலையை மாணவர்கள் கையில் எடுத்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு என்று அவர்கள் அமைப்பைச் சொல்லலாம், எஸ்.எஸ்.டி.சி.என். என்றால் இங்கே பலருக்குச் சட்டென்று புரியும். இன்றும் தை, மாசியில் நள்ளிரவுக்கு மேல் நீலாங்கரையில் புறப்பட்டு, கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை நடக்கிறார்கள். நீங்கள் தூங்கும்போது உங்கள் கடற்கரையில் நடக்கிற கணக்கெடுப்பு அது. எந்த இரவில் எத்தனை கூடு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு, எத்தனை செத்த ஆமை என்று எழுதுகிறார்கள். கூடு எதுவும் கிடைக்காத இரவும் அவர்களுக்கு ஒரு கணக்குதான்.

1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டியையும் இங்கே நினைக்க வேண்டும். அதற்கும் முன்பாக, மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணனை நினைக்க வேண்டும். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய மாதவையாவின் மகன். கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் இறக்கும் வரை ஒரு பத்தியை விடாமல் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டு முற்றத்துக் காக்கையையும் அணிலையும் எழுதியவர் அவர். இந்த ஊர்க்காரர் ஒருவர் இயற்கையைப் பார்க்க எங்கும் போக வேண்டியதில்லை என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, திருவான்மியூரில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது?

மருந்தீஸ்வரர் கோயிலிலிருந்து தொடங்குகிறேன். அகத்தியருக்கு இறைவன் மூலிகைகளின் இயல்பைச் சொன்ன தலம் என்பது ஐதீகம், சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம், தலமரம் வன்னி. மூலிகைக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இருக்கிற உறவு புராணத்தில் வருவதல்ல, வேதியியலில் இருப்பது. செடி தன்னைத் தின்ன வருகிறவற்றை விரட்ட விஷம் சமைக்கிறது. அந்த விஷம்தான் அளவாகக் கொடுத்தால் மருந்து. சில பூச்சிகள் அந்த விஷத்தைத் தாங்கப் பழகி, அந்தச் செடியைத் தவிர வேறெதையும் தின்னாத நிலைக்கு வந்துவிட்டன. தாய்ப்பூச்சி இலைமேல் உட்கார்ந்து முன்காலால் தட்டித் தட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். காலில் இருக்கிற சுவை உணர்விகளால் அது இலையை ருசி பார்க்கிறது. செடி சரியானதென்றால்தான் முட்டை.

ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் நாட்டு வைத்தியர்கள் நன்கறிந்த செடிகள். ஆடு வாய் வைக்காது. கிரிம்சன் ரோஸ் என்ற கறுப்பு-சிவப்பு வண்ணத்துப்பூச்சியின் புழு அவற்றில்தான் வளரும். தின்ற விஷம் உடம்பில் தங்குவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் பட்டியலில் வைத்தது. சட்டத்தில் பூச்சிக்கு இடம் கிடைத்தது. அது தின்கிற செடிக்கோ காலிமனையின் ஓரம்தான் இடம். மனை விற்றால் அதுவும் போயிற்று.

எருக்கு வெந்தய வரியனுக்கு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் கறிவேப்பிலை அழகிக்கு. நெட்டிலிங்கம் டெய்ல்டு ஜேவுக்கு. அடுக்குமாடிக் குடியிருப்புகள் மதில் ஓரம் வரிசையாக வைக்கிற மரம் என்பதால் அந்தப் பச்சைப் பூச்சிக்கு மட்டும் நகரம் வாழ்வு கொடுத்திருக்கிறது. கொன்றை, எமிக்ரன்ட் என்கிற வெளிர்மஞ்சள் பூச்சிகளுக்கு. நீர்முள்ளி, மயில் வசீகரனுக்கு. விழுதிச் செடியைத் தேடி முட்டையிடுவது இறக்கை நுனியில் செந்நிறம் தீட்டிய கிரிம்சன் டிப். முட்சங்கஞ்செடியிலும் உகாயிலும் வளர்வது ஸ்மால் சாமன் அராப் என்ற இளஞ்சிவப்புக் குட்டிப் பூச்சி. கடைசி இரண்டும் சோழமண்டலக் கரையின் முட்புதர்க் காட்டைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் 1775-இலேயே பூச்சியியலாளர் ஃபாப்ரிஷியஸ் அறிவியல் பெயர் வைத்துவிட்டார். லின்னேயஸின் மாணவரான கோனிக் தரங்கம்பாடியில் இருந்து ஐரோப்பாவுக்கு மாதிரிகளை அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த முட்புதர்க் காடுதான் இந்தப் பகுதியின் உண்மையான காடு. அதன் மிச்சம் கிண்டியில் இருக்கிறது. அடையாறு பிரம்மஞான சபை வளாகத்திலும் கொஞ்சம் உண்டு. 1962-இல் கலாக்ஷேத்ரா திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தபோது இது மணலும் புதருமான கடலோரம். ருக்மிணி தேவி அருண்டேல் நடனத்துக்காக அறியப்பட்டவர். 1960-இன் பிராணிவதைத் தடைச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் அடிப்போட்டவரும் அவரே என்பதை இந்த ஊர்க்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். அவர் நட்டு வளர்த்த மரங்கள் இன்று மதிலைத் தாண்டித் தெருவுக்கு நிழல் தருகின்றன.

ஆனால் வண்ணத்துப்பூச்சிக்கு நிழலைவிட வெயில் முக்கியம். இதைச் சொன்னால் மரம் நடும் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். நெருக்கமாக மரம் நட்டு இரண்டு வருஷத்தில் குறுங்காடு என்று பலகை வைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இடத்தில் அதற்குமுன் என்ன இருந்தது என்று யாராவது எண்ணினார்களா என்றுதான் கேட்கிறேன். வெட்டுக்காயப்பூண்டும் தும்பையும் நாயுருவியும் எருக்கும் முளைத்த ஒரு காலிமனை நம் கண்ணுக்குக் குப்பைமேடு. தேனுக்கும் முட்டைக்கும் அலைகிற பூச்சிக்கு அதுதான் ஊர். அதைச் சுத்தம் செய்து, நடுவில் வெளிநாட்டுப் புல்லும் ஓரத்தில் தொட்டிச் செடியும் வைத்தால் பார்வைக்குப் பசுமை. அங்கே முட்டையிட ஓர் இலை கிடையாது.

இப்போது அந்துப்பூச்சிக்கு வருகிறேன். இந்தியாவில் வண்ணத்துப்பூச்சி ஆயிரத்து முந்நூறுக்கு மேல் என்றால், அந்துப்பூச்சி பத்தாயிரத்தைத் தாண்டும். இந்திய அந்துப்பூச்சிகளைத் தொகுத்து 1892-க்கும் 1896-க்கும் இடையில் நான்கு பெரிய தொகுதிகள் எழுதிய ஜார்ஜ் ஹாம்ப்சன், தேயிலைத் தோட்டக்காரராக நீலகிரிக்கு வந்தவர். தேயிலையில் என்ன சம்பாதித்தாரோ, பூச்சி அவரை லண்டன் அருங்காட்சியகம் வரை கொண்டுபோயிற்று. அந்துப்பூச்சி என்றால் ராத்திரி டியூப்லைட்டை மொய்ப்பது என்பதுதான் நம் எண்ணம். பகலில் பறப்பவையும் உண்டு. வண்ணத்துப்பூச்சி ஆர்வலர் அவற்றை ‘இது நம்ம கட்சி இல்லை’ என்று விட்டுவிடுகிறார். அந்துப்பூச்சி ஆர்வலர் இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு போட்டுப் பார்ப்பவர். பகலில் அவர் அலுவலகத்தில் இருக்கிறார். இரண்டு பேர் கணக்கிலும் வராமல் போகிற கூட்டம் இது.

இட்லிப்பூ மேல் ஒரு வண்டு போல அந்தரத்தில் நின்று தேன் குடிக்கிற, கண்ணாடி இறக்கைப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைத் தேனீ என்பார்கள், சிலர் தேன்சிட்டுக் குஞ்சு என்றும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது செஃபோனோடஸ் ஹைலஸ் என்ற பருந்து அந்துப்பூச்சி. கூட்டிலிருந்து வரும்போது இறக்கையில் செதில் இருக்கும். முதல் பறத்தலிலேயே உதிர்ந்துவிடும். காபிக் குடும்பச் செடிகளின் இலையைத் தின்று வளர்வது. இட்லிப்பூவும் அந்தக் குடும்பம்தான். அடுத்து, கருப்பு உடம்பில் மஞ்சள் பட்டையோடு குளவி போல வேஷம் கட்டி மெதுவாகப் பறக்கும் அமாட்டா. கொட்டுமென்று நினைத்துப் பறவை விலகும், நாமும் விலகுகிறோம். மூன்றாவது என் செல்லம்: யுடெதைசா. வெள்ளை இறக்கையில் சிவப்பும் கருப்புமாகப் புள்ளி வைத்தது. புல்லில் கால் வைத்தால் படபடவென்று எழுந்து நாலடி தள்ளிப் போய் உட்காரும். அதன் புழு கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் தின்று அவற்றின் நஞ்சைச் சேமித்துக்கொள்கிறது. இதே இரண்டு செடிகளின் வாடிய தண்டைத் தேடித்தான் நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் வருகின்றன. அதிலிருந்து உறிஞ்சும் சத்து அவற்றுக்குத் துணை தேட வேண்டியிருக்கிறது. ஒரே களைச்செடியை நம்பி இரண்டு கூட்டம். எண்ணுகிற தாளில் ஒன்றை மட்டும் எழுதினால் அந்தச் செடியின் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அடையாளம் காண்பது கஷ்டமா என்று கேட்பீர்கள். சிலது கஷ்டம். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு வகை அப்படியே கிரிம்சன் ரோஸ் போல இருக்கும்; விஷமில்லாதது விஷமுள்ளதைப் போல வேஷம் போட்டுப் பிழைக்கிறது. உடம்பைப் பாருங்கள்: சிவப்பென்றால் ரோஸ், கருப்பென்றால் அழகி. டனாய்ட் எக்ஃபிளையின் பெண் வெந்தய வரியனைப் போல வரும். பின்னிறக்கையின் நடுவில் கருப்புப் புள்ளிகள் மூன்று, நான்கு இருந்தால் வரியன். பெரிதும் பயப்பட வேண்டியது நகத்தளவு நீலப் பூச்சிகளைப் பார்த்துத்தான். அனுபவசாலிகளே அங்கே தடுமாறுவார்கள். தெரியாவிட்டால் ‘நீலம், பெயர் தெரியவில்லை, இரண்டு’ என்று எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஒரு பெயர், தெரியாதென்று எழுதிய பத்து வரிகளைவிட அதிகக் கேடு செய்யும். தெரியாதது என்ற பத்தி நிரம்பியிருக்கிற தாளைப் பார்த்தால் எனக்கு அதை எழுதியவர்மேல் நம்பிக்கை வருகிறது.

பொல்லார்டின் விதிகளை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அவருக்குக் குளிர்தான் பிரச்சினை. வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் கணக்கெடுக்கக் கூடாது என்று விதி. நமக்கு அந்த விதியைப் பார்த்தால் சிரிப்பு வரும். இங்கே சித்திரை வெயிலில் பத்தரைக்கு மேல் பூச்சியும் பறப்பதில்லை, எண்ணுகிறவரும் நிற்பதில்லை. ஆகவே காலை எட்டரையிலிருந்து பத்தரைக்குள் நடப்போம். மழையிலும் பலத்த காற்றிலும் நடக்க வேண்டாம். கடற்காற்று எழுந்துவிட்டால் கடற்கரைத் தடத்தில் இறக்கையுள்ளது எதுவும் நிற்காது. அங்கிருப்பவர்கள் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஆண்டு முழுக்க நடக்க வேண்டும், ஏனென்றால் நம் பருவம் வேறு. வடகிழக்குப் பருவமழை பெய்து களைகள் தழைக்கும் ஐப்பசி முதல் தை வரைதான் இங்கே நல்ல காலம். நாடு முழுக்கக் கொண்டாடுகிற செப்டம்பரில் சென்னை மழைக்குக் காத்துக்கொண்டிருக்கும். வைகாசி, ஆனியில் தாள் வெறுமையாக இருக்கலாம். அப்போதுதான் தன்னார்வலர்கள் கழன்றுகொள்வார்கள். ‘சார், ஒண்ணுமே வரலை, அடுத்த மாசம் பாக்கலாம்’ என்பார்கள். அந்த மாதத்தை விட்டால் அந்த ஆண்டே போயிற்று.

இன்னொரு குழப்பமும் உண்டு. வரியன்களும் கருப்பன்களும் வலசை போகிறவை. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே வருகின்றன, அக்டோபர்-நவம்பரில் திரும்புகின்றன என்று குண்டே 2005-இல் விரிவாக எழுதியிருக்கிறார். ஒரு வாரம் நூற்றுக்கணக்கில் நீல வரியன், மறுவாரம் ஒன்றுமில்லை என்றால் யாரும் மருந்தடித்து அழித்துவிடவில்லை, அவை வழிப்போக்கர்கள். நின்று பூவில் அமர்ந்தவற்றைத் தனியாகவும், ஒரே திசையில் பறந்து கடந்தவற்றைத் தனியாகவும் எழுதினால் இந்தக் குழப்பம் தீரும்.

சரி, எண்ணிவிட்டால் காப்பாற்றியதாகிவிடுமா? ஆகாது. எண்ணுவதோடு கடமை முடிந்ததென்று திருப்திப்படுகிறவர்களிடம் எனக்கும் பொறுமை குறைவு. ஆனால் எண் இல்லாமல் போய் நிற்பவரை எந்த அலுவலகத்திலும் உட்காரச் சொல்வதில்லை. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். பதிவேடு என்பது ஒருமுறை எழுதி அலமாரியில் வைப்பதற்கல்ல. ஆண்டுதோறும் எண்ணிக்கை ஏறினால்தான் அதற்கு உயிர். மாநகராட்சி பதின்மூன்றாம் மண்டலத்தில் எந்தத் தெருவோரம் எந்த மாதத்தில் களை வெட்டுகிறார்கள், கொசுவுக்கு எப்போது புகை அடிக்கிறார்கள் என்ற தேதிகள் கிடைக்கும். நம் தாளில் வாராவாரம் எண் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கொசு மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, டெங்கு வந்த வீட்டில் போய் அப்படிச் சொல்ல முடியாது. களை வெட்டுவதை மார்கழிக்குப் பதிலாக மாசிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்கலாம். அப்படி ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கும் தகுதி அந்தத் தாளால்தான் வரும்.

2019-இல் தமிழ் மறவன் நம் மாநில வண்ணத்துப்பூச்சியானது. மகிழ்ச்சி. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் பூச்சி. திருவான்மியூரில் நடந்தால் அதைப் பார்க்க முடியாது. பள்ளிப் பிள்ளைகள் அதன் படத்தைச் சரியாக வரைகிறார்கள். பள்ளி மதிலில் எருக்கிலையைத் தின்றுகொண்டிருக்கும் வரிப்புழுவைக் காட்டினால் ‘ஐயே’ என்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் வந்தால் பெரியவர்களைவிட நன்றாக எண்ணுவார்கள்; அவர்கள் கண் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, யுடெதைசா தரையிலிருந்துதான் எழும்புகிறது.

இனி வேலையைச் சொல்லி முடிக்கிறேன். மூன்று தடங்களை உத்தேசித்திருக்கிறோம். ஒன்று, கோயில் குளத்தைச் சுற்றி மாடவீதிகள் வழியாக. இரண்டு, கலாக்ஷேத்ரா சாலையிலிருந்து வால்மீகி நகர்க் குறுக்குத் தெருக்கள் வழியாகக் கடற்கரை வரை. மணலில் அடும்பங்கொடியும் இராவணன் மீசையும் இருக்கிற இடத்தில் அது முடியும். மூன்று, பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டி, பறக்கும் ரயில் நிலையத்தின் பக்கம். அங்கே எருக்கும் ஆமணக்கும் நிறைய, நாற்றமும் நிறைய. மூன்றாவது தடத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் இளைஞர்களைப் பார்த்துச் சொல்கிறேன்: அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா வேண்டாம் என்று முதலில் ஏன் சொன்னேன் என்றால், வீட்டு வாசலில் நின்று படம் எடுத்தால் வாட்ச்மேன் கேள்வி கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். கையில் அட்டையும் பென்சிலும் இருந்தால் ஏதோ கணக்கெடுக்க வந்தவர் என்று விட்டுவிடுவார்கள். தாளில் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வெயிலா மேகமா, காற்று, பூச்சி, எண்ணிக்கை, எந்தச் செடியில் என்பதற்கு இடம் விட்டிருக்கிறது. பூச்சிப் பெயர்கள் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கின்றன. வராததற்கு எதிரே வெற்றிடம் விடாமல் சுழியம் போடுங்கள்; வெற்றிடம் இருந்தால் நீங்கள் பார்க்க மறந்தீர்களா, அது வரவில்லையா என்று பின்னால் படிப்பவருக்குத் தெரியாது. ஒவ்வொரு தடத்துக்கும் இரண்டு பேராவது பெயர் கொடுங்கள். ஒருவர் மகனைப் பார்க்க அமெரிக்கா போனால் மற்றவர் நடக்கலாம்.